கை வைப்பதற்கு முன்

எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபை வட்டாரத்தின், தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. ‘பொருளாளர் தமது தவற்றை உணர்ந்து சபையார் முன்பாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டபடியால், அவரை மீண்டும் பொறுப்பில் அமர்த்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நீல மையில் எழுதியிருக்கிறது. அதன்கீழ் ஒன்பது கையெழுத்துகள், நான்காவது என்னுடையது. ஏகமனதாக என்பது உண்மையல்ல. பத்தாவது உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கையெழுத்திடாமல் எழுந்து போனார். அதைப் புத்தகத்தில் குறிக்க வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

நடந்தது இதுதான். அந்தப் பொருளாளர் வேலை மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்தவர். நல்ல குரல்வளம், ஜெபம் செய்யத் தொடங்கினால் பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். ஊருக்கு வந்து எட்டாவது மாதத்தில், கணக்குத் தெரிந்தவர், சுறுசுறுப்பானவர், எந்தக் கோஷ்டியையும் சேராதவர் என்று சொல்லி, காணிக்கைப் பெட்டியின் சாவியை அவரிடம் கொடுத்தோம். எந்தக் கோஷ்டியையும் சேராதவர் என்றால் ஊரில் யாருக்கும் அவரைச் சரியாகத் தெரியாது என்றுதான் பொருள் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் கோழியும் நெல்மூட்டையும் வழக்கம்போல ஏலம் போயின. ஏலத்தொகையை எண்ணி, மஞ்சள் பையில் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டுவதற்காக அவர் கையில் ஒப்படைத்தோம். வங்கிச் சலான் எங்கே என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. வீட்டுக்கு மேற்கூரை போட எடுத்துக்கொண்டதாகவும், திருப்பி வைத்துவிட எண்ணியிருந்ததாகவும் அவர் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பீடத்துக்கு முன்பாக முழங்கால்படியிட்டு அழுதார். சபையே அழுதது. பணத்தில் பாதியை உடனே கட்டினார். நான்காம் வாரம் நடந்த கமிட்டியில் சாவியைத் திரும்பக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. தலைமையாசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மன்னிச்சாச்சு, சரி. சாவியை ஏன் இப்பமே குடுக்கணும்?” அந்த இரண்டும் ஒன்றுதானே என்று நாங்கள் நினைத்தோம். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன வேதத்தை அவருக்கே எடுத்துச் சொன்னோம். சொன்னவர்களில் இருவர் அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். இரண்டாம் ஆண்டுப் பண்டிகைப் பணமும் அவ்வாறே போயிற்று. இம்முறை அவர் அழவில்லை. ஒரு விடியற்காலையில் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பவுல் தீமோத்தேயு என்ற இளம் ஊழியனுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நான் உட்கார்ந்து படித்தேன். ‘ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே, மற்றவர்கள் செய்யும் பாவங்களுக்கும் உடன்படாதே, உன்னைச் சுத்தவானாகக் காத்துக்கொள்’ என்கிற 22-ஆம் வசனம் குருப்பட்ட ஆராதனைகளில் காதில் விழுந்திருக்கிறது, புத்தியில் விழுந்ததில்லை. இந்த வசனத்தைப் பற்றி வேத அறிஞர்களிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து வேறுபாடு உண்டு. கை வைத்தல் என்பது ஒருவரை ஊழியப் பொறுப்புக்கு ஏற்படுத்துவதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. நாலாம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் அப்படித்தான் விளக்கினார். ‘சீக்கிரமாய்’ என்பதற்கு, முதல் சோதனையோடும் அல்ல, இரண்டாவதோடும் அல்ல, மூன்றாவதோடும் அல்ல, பலமுறை ஆராய்ந்து பார்த்த பிறகே என்று பொருள் சொன்னார். வேறு சிலரோ, முந்தின மூன்று வசனங்களும் குற்றத்தில் அகப்பட்ட மூப்பர்களைப் பற்றியவை என்பதால், இதுவும் அப்படிப்பட்டவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்போது வைக்கும் கைகளைப் பற்றியதே என்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுத் திருச்சபையில், மனந்திரும்பி வந்தவர்களை ஆயரும் குருமாரும் கை வைத்துத்தான் ஐக்கியத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. நியமனத்தைப் பற்றியது என்பதற்கே ஆதாரம் கனமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால், எங்கள் சபையில் நாங்கள் இரண்டையும் செய்தோம், இரண்டையும் ஒரே அவசரத்தில் செய்தோம். எட்டு மாதத்தில் கொடுத்ததும் நாலு வாரத்தில் திருப்பிக் கொடுத்ததும் ஒரே சாவிதான். இன்னொன்றும் கவனித்தேன். அந்த வசனம் தவறு செய்தவனைப் பார்த்துப் பேசவில்லை; கை வைக்கிறவனைப் பார்த்துப் பேசுகிறது. உடன்படாதே என்ற சொல்லுக்கு மூலத்தில் பங்காளியாகாதே என்ற பொருள் இருக்கிறது. ஆக, நான்காவது கையெழுத்துக்காரனுக்கும் அந்த மஞ்சள் பையில் ஒரு பங்கு உண்டு.

அதற்கு அடுத்த வசனத்தில், தண்ணீர் மாத்திரம் குடிக்காமல் வயிற்றிற்காகக் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று பவுல் சம்பந்தமில்லாமல் சொல்வதாக எல்லாரும் வியப்பார்கள். ஆறு வருடம் கமிட்டியில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை. மூப்பர்களின் வழக்கை விசாரிக்கிற இளைஞனுக்கு வயிறு கெட்டுப்போகாமல் வேறென்ன ஆகும்? 24-ஆம் வசனம்தான் முக்கியம்: ‘சிலருடைய பாவங்கள் வெளியரங்கமாயிருந்து, நியாயத்தீர்ப்புக்கு முந்திக்கொள்ளும், சிலருடைய பாவங்கள் அவர்களைப் பின்தொடரும்.’ ஒருவருடைய குறை அவருக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்து சேர்வதற்கு நாள் பிடிக்கும். நற்கிரியைகளும் அப்படித்தான் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அவை வந்து சேரும்வரை காத்திருப்பதைத்தான் பவுல் கேட்கிறார்.

திருமணத்துக்கு நாம் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் என்று பெயர் சொல்லி, தடை இருந்தால் அறிவிக்கும்படி சபையாரைக் கேட்கிறோம். குருப்பட்டம் கொடுக்கும் ஆராதனையிலும் ஆயர் சபையாரைப் பார்த்துத் தடை உண்டா என்று கேட்கிற பழைய வழக்கம் இருக்கிறது. ஆனால் சபையின் பணத்தையும் பிள்ளைகளையும் ஒப்படைக்கப்போகிற ஆட்களை, தேர்தலுக்கு முந்தின இரவு யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில், எந்தத் தெருவுக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் பார்த்து முடிவு செய்கிறோம். அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், சபையை மேற்பார்க்கிற கண்காணியானவன் ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது என்கிறது. ‘புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயுமிருக்கவேண்டும்’ என்கிறது. புறம்பானவர்கள் என்றால் மளிகைக் கடைக்காரர், வீட்டுக்காரர், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். எங்கள் பொருளாளருக்கு மளிகைக் கடையில் எவ்வளவு பாக்கி இருந்தது என்பது கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கடைக்காரர் கிறிஸ்தவர் அல்ல என்பதால் அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கேள்வியோடு நான் வாசித்தவற்றுள் மனதில் நின்றது கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியானின் கடிதங்கள். கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். பயந்து பலியிட்டவர்கள் உண்டு; பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் தணிந்ததும் இவர்கள் கூட்டம் கூட்டமாகச் சபைக்குத் திரும்பினார்கள். சிறையில் பாடுபட்ட விசுவாசிகளிடமிருந்து சிபாரிசுச் சீட்டு வாங்கி வந்தால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் கிளம்பிற்று. சில சீட்டுகளில் ‘இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க’ என்று மட்டும் இருந்ததாகச் சிப்ரியான் குறைப்பட்டுக்கொள்கிறார். சேர்ந்தவர்கள் என்றால் இருபது பேரா, முப்பது பேரா, வீட்டாரா, வேலைக்காரரா என்று யாருக்குத் தெரியும்? சிபாரிசுக் கடிதம் எழுதிப் பழகிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வரி புரியும்.

அவர் கதவை அடைக்கவில்லை. 251-ல் ஆயர்கள் கூடி, ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே விசாரித்து, மனந்திரும்புதலின் காலம் வைத்து, ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். இப்படி உபத்திரவத்தில் விழுந்தவர்களுக்கு மன்னிப்பே இல்லை என்று ரோமில் பிரிந்துபோன நொவாத்தியானை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் விழுந்தவர் ஆயராக இருந்தால்? ஸ்பெயின் நாட்டிலிருந்து அப்படி ஒரு வழக்கு வந்தது. பசிலிதேஸ், மார்சியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் சான்றிதழ் வாங்கிய குற்றத்தில் அகப்பட்டார்கள். பசிலிதேஸ் தானே பதவியை விட்டு இறங்கி, சாதாரண விசுவாசியாக ஐக்கியத்தில் சேர்த்துக்கொண்டாலே தன் பாக்கியம் என்று சொன்னவர். அவருக்குப் பதிலாகச் சபையார் முன்னிலையில் சபீனஸ் என்பவர் ஏற்படுத்தப்பட்டார். கொஞ்ச காலம் போனதும் பசிலிதேஸ் ரோமுக்குப் போய், நடந்தது தெரியாதிருந்த ஸ்தேவான் என்ற ஆயரிடம் பேசி, தன்னை மறுபடியும் பதவியில் அமர்த்தும்படி கேட்டுக்கொண்டார்.

254-ல் சிப்ரியானும் சக ஆயர்களும் ஸ்பெயின் சபைகளுக்கு எழுதிய பதில் எங்கள் தலைமையாசிரியரின் கேள்விக்குள் அடங்கிவிடும். இப்படிப்பட்டவர்களை மனந்திரும்புகிறவர்களாக ஏற்றுக்கொள்ளலாம். குருத்துவ ஊழியத்துக்குத் திரும்பவும் ஏற்றக்கூடாது. தூரத்தில் இருந்து ஏமாந்துபோன ஸ்தேவானைவிட, ஏமாற்றியவர்மேல்தான் குற்றம் பெரிது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஊழியரைச் சபையார் பார்க்க, சபையார் நடுவில் தெரிந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் கெட்டவருடைய குற்றமும் நல்லவருடைய தகுதியும் வெளிப்படும் என்பதற்கு, மோசே எலெயாசாரைச் சபையனைத்தின் கண்களுக்கு முன்பாக ஏற்படுத்தியதை அந்தக் கடிதம் சான்று காட்டுகிறது. மார்சியாலிஸ் எங்கே விருந்துக்குப் போனார், பிள்ளைகளை யாருடைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார் என்பதுவரை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ரோமுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு நெருடல் உண்டு. இவ்வளவு கறாராக எழுதிய சிப்ரியானே அவசரமாக ஆயராக்கப்பட்டவர். ஏறக்குறைய 246-ல் கிறிஸ்தவரானார்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மக்களின் ஆரவாரத்தோடு கார்த்தேஜின் ஆயரானார். மூத்த குருமார் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். தேசியஸின் உபத்திரவத்தில் அவரும் நகரத்தை விட்டு ஒளிந்துகொண்டார், அங்கிருந்தே கடிதங்களால் சபையை நடத்தினார். பிறகு 258 செப்டம்பர் 14 அன்று ஓடாமல் நின்று தலைவெட்டுண்டு மரித்தார் என்பதால் நாம் அவரை வேறு கண்ணால் பார்க்கிறோம். மிலானில் 374-ல் அம்புரோசியார் ஞானஸ்நானம்கூடப் பெறாத நிலையில் ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, எட்டு நாளுக்குள் ஞானஸ்நானமும் ஆயர் அபிஷேகமும் பெற்றார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை உடனே ஆயராக்கக்கூடாது என்று நிக்கேயாவில் 325-லேயே விதி எழுதியாயிற்று. அரை நூற்றாண்டுக்குள் இந்த விதிவிலக்கு.

‘அம்புரோசியாரைப் பாருங்கள்’ என்று சொல்லும் வாய் ஒவ்வொரு கமிட்டியிலும் ஒன்று இருக்கும், பெயர் தெரியாவிட்டாலும் வாதம் அதுதான். எனக்கு அது பாதி வாதமாகவே படுகிறது. சிப்ரியானின் அவசர நியமனத்துக்குக் கார்த்தேஜ் விலை கொடுத்தது. அன்று எதிர்த்த குருமார்தான் பின்னர் விழுந்தவர்களின் விவகாரத்தில் அவருக்கு எதிராகத் தனிக் கட்சி கட்டினார்கள். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, ரோமின் ஆயர் கொர்நேலியுஸ் படிப்படியாக ஒவ்வொரு ஊழியத்தையும் செய்து மேலே வந்தவர் என்பதைச் சிப்ரியான் ஒரு கடிதத்தில் அவ்வளவு மெச்சி எழுதுகிறார். தனக்குக் கிடைக்காத ஒன்றின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துச் சரித்திரத்தில் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் இருக்கிறது. கடலூரில் பிறந்த ஆரோன் 1718-ல் ஞானஸ்நானம் பெற்று, ஆண்டுக்கணக்காக, வேதம் கற்பிக்கும் உபதேசியாராக நடந்து திரிந்து, 1733 டிசம்பர் 28-ல் முதல் இந்திய லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். பதினைந்து வருடம் பார்த்த பிறகு வைத்த கை அது. ஆனால் தாமதமெல்லாம் கவனம் அல்ல என்பதற்கும் அதே மிஷன்தான் சாட்சி. தஞ்சாவூர்ப் படையில் இருந்துவிட்டு உபதேசியாரான இராஜநாயக்கன் உழைப்பிலும் வேத அறிவிலும் யாருக்கும் குறைந்தவர் அல்லர். 1741-ல் இரண்டாவது போதகராக அபிஷேகம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கனின் கையால் திருவிருந்து வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்பது அவர் ஒதுக்கப்பட்டதற்கு ஒரு காரணம். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். பவுலின் தகுதிப் பட்டியலில் பிறப்பு எங்கேயும் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்’ என்று யாரையாவது பற்றி யாராவது சொல்லும்போது, எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று நான் கேட்கத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான்.

பேதுருவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எங்கள் கமிட்டியிலும் அவரைத்தான் சொன்னோம். இயேசுவைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்தவரிடம் சில வாரங்களுக்குள் ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்று ஆண்டவர் சொல்லவில்லையா? சொன்னார். ஆனால் யோவான் எழுதியதை மெதுவாக வாசித்தால், அது சுலபமான காட்சியாகத் தெரியவில்லை. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். திபேரியாக் கடற்கரையில் அவருக்காகப் போட்டிருந்ததும் கரிநெருப்பு. அந்தப் புகை நாசியில் ஏறிக்கொண்டிருக்க, மற்ற சீஷர்கள் கூட இருக்க, மூன்றுதரம் ஒரே கேள்வி. மூன்றாம்தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. எங்கள் பொருளாளரிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை; மீதிப் பணம் எப்போது வரும் என்றுகூட. அன்றியும், கேட்டவர் இருதயத்தை அறிகிறவர். அந்தச் சீஷர்களே யூதாஸின் இடத்துக்கு ஆள் பார்க்கும்போது ‘எல்லாருடைய இருதயங்களையும் அறிந்திருக்கிற கர்த்தாவே’ என்று ஜெபித்தார்கள், தங்களுக்கு அது தெரியாது என்பதால். பேதுருவின் பாவம் பயத்தினால் வந்தது. ஆடுகளைத் திருடித் தின்றதால் வந்ததல்ல.

அந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊழியர் ஒருவர் ஒரு பெண்ணிடமோ குழந்தையிடமோ கை வைத்திருந்தால், அங்கே அவரைச் சீர்பொருந்தப்பண்ணி மீண்டும் சேர்த்துக்கொள்வது பற்றிப் பேச்சை ஆரம்பிக்கும் இடம் கமிட்டி அல்ல. குழந்தை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். மூப்பனுக்கு விரோதமான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற, அதே ஐந்தாம் அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தைக் காட்டி வாயடைப்பவர்கள், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்ற 20-ஆம் வசனத்துக்குப் பக்கத்தைத் திருப்புவதில்லை. அவருக்கு மன்னிப்பு உண்டு, இரட்சிப்பு உண்டு. பிள்ளைகள் இருக்கிற அறையின் சாவி இல்லை.

மாற்குவின் கதை எங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. முந்தின ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலே விட்டுப் பிரிந்துபோனவனைக் கூட்டிக்கொண்டு போவது தகுதியல்ல என்று பவுல் மறுத்தார். சக ஊழியரான பர்னபா அவனைத் தன்னோடு சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து வருடத்துக்குமேல் கழித்துச் சிறையிலிருந்து, ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’ என்று எழுதியவரும் அதே பவுல்தான். மறுத்தவர் ஒருவரும் கூட இருந்தவர் ஒருவருமாக இருவர் தேவைப்பட்டிருக்கிறார்கள். எங்கள் பொருளாளருக்கு இருவருமே வாய்க்கவில்லை. ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று கலாத்தியர் நிருபத்தில் வருகிற சொல்லும், யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததாகச் சொல்லப்படும் சொல்லும் கிரேக்கத்தில் ஒன்றே. மணப்பாட்டுக் கடற்கரையில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். கிழிந்த இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அறுத்துவிட்டு, நல்ல கண்ணி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுக்கிறார்கள். அதுவரை அந்த வலை கடலுக்குப் போவதில்லை.

போன வருடம் அவர் திரும்பி வந்தார். அவருடைய மனைவியின் தாயார் எங்கள் ஊரில்தான் இருந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மீதிப் பணத்தை மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டி முடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறார். இந்த வருட அசனத்தில், சபையார் கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்கு, விடியும்முன் வந்து தலைமையாசிரியரோடு சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. வெங்காயத்தினால்தான் கண் கலங்கியிருந்தது என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

இந்த மாதக் கடைசியில் கூடும் கமிட்டிக்கு, அவரை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அழைக்கலாமா என்று எங்கள் போதகர் ஒரு பொருள் வைத்திருக்கிறார். விசுவாசத்துக்காகச் சித்திரவதை பட்ட அவுரேலியுஸ் என்ற வாலிபனை, பெரிய பொறுப்புக்குத் தகுதியிருந்தும், சிப்ரியான் முதலில் வாசகராகத்தான் வைத்தார் என்பது நினைவுக்கு வருகிறது. வாசிப்பதற்கு நான் கை தூக்குவேன். யாராவது எதிர்த்தால் இம்முறை அதைப் புத்தகத்தில் எழுதச் சொல்வேன். காணிக்கைப் பெட்டிக்கு இப்போது இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு வீட்டில் இருக்கின்றன. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.